உப்புக் காற்றும் பழைய மோட்டார் சைக்கிளும்

பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை விலைக்கு வாங்கி முற்றத்திற் கொண்டுவந்து நிறுத்தியதும் நம் இளைஞர் முதலிற் செய்வது அதனை உதைத்து முடுக்கிப் பார்ப்பதேயாகும். இயந்திரம் உறுமிவிட்டால் வீட்டார் அனைவர்க்கும் மகிழ்ச்சி. ஆனால் சிலாபம் தொடக்கம் கற்பிட்டி வரை நீண்டு கிடக்கும் நமது கரையோரத்தில் அந்த உறுமல் ஒரு நற்சான்றாகாது. ஹொண்டா போன்ற சிறிய இயந்திரங்கள் எத்துணை முதுமையுற்றாலும் ஒருவாறு ஓடிக்கொண்டேயிருக்கும். ஆபத்து விளைப்பவை அதனைத் தாங்கும் சட்டமும், நிறுத்தும் பிரேக்கும், உருளும் சில்லுகளுமேயாம். இவற்றைத் தின்பது உப்பு.

உப்பளங்கள் சூழ்ந்த புத்தளத்தில் உப்பின் குணத்தை எவருக்கும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. மழைக்காலத்தில் அடுக்களை உப்புச் சாடி கசிந்திருப்பதைத் தாய்மார் அறிவர். தூய கறியுப்பு, காற்றின் ஈரப்பதன் ஏறக்குறைய 75 சதவீதத்தை எட்டும்போது நீரை ஈர்த்துக் கரையத் தொடங்கும். கடலுப்பிற் கலந்துள்ள மகனீசியம் குளோரைட்டுக்கோ ஏறக்குறைய 33 சதவீதமே போதும். ஆகவே கடற்காற்று பட்ட இரும்பு, பார்வைக்கு உலர்ந்திருந்தாலும் உண்மையில் உலர்ந்திருப்பதில்லை. மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேற் பருவக்காற்று கற்பிட்டிக் குடாநாட்டில் எத்துணை வேகமானது என்பதை அங்கு வாழ்வோரைக் கேட்டறியலாம்.

2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் இந்நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025இலேயே மீண்டும் வழி திறக்கப்பட்டது. அவ்விடைக்காலத்திற் பழைய சைக்கிள்களுக்கு வந்த மதிப்பு இன்னும் முற்றாகக் குறைந்துவிடவில்லை. 1958இல் ஜப்பானில் வெளிவந்த சுப்பர் கப்பின் வழிவந்த சி 50, சி 90 ஆகியனவும், சி.டி. 125உம், அந்நாட்டு அஞ்சற்காரருக்கென அமைக்கப்பட்ட எம்.டி. 90உம் இன்றும் கைமாறுகின்றன. சுப்பர் கப் வகை மாத்திரம் 2017இல் பத்துக் கோடியை எட்டியது. உதிரிப்பாகம் தேடி அலையும் தொல்லை இவற்றிற் குறைவு என்பதால், முதன்முறையாக வாங்குவோர்க்கு இவையே ஏற்றவை என்பது எமது எண்ணம்.

வாங்கிய வண்டி முன்னர் மீன் பெட்டி சுமந்ததா என்பதை முதலில் ஆராய்தல் வேண்டும். பெட்டியிலிருந்து வடியும் பனிக்கட்டி நீர் கடல்நீருக்கு இளைத்ததன்று. அது பின்பக்க மட்காட்டிலும், ஆசனத்தின் கீழும், அதிர்ச்சி தாங்கிகள் பொருந்தும் இடங்களிலும், சங்கிலியிலும் நாள்தோறும் சொட்டியிருக்கும். கப் வகையின் சட்டம் தகட்டை அழுத்தி உருவாக்கிய உட்குழிவான பெட்டி போன்றது. வெளியே புது வர்ணம் பளபளக்க, உள்ளே கறள் அரித்துக்கொண்டிருக்கலாம். சிறு சுத்தியலால் மெல்லத் தட்டிப் பார்க்க. கணீரென்று ஒலியாது மந்தமாக ஒலிக்கும் இடத்தைத் திருப்புளி முனையால் அழுத்தினால் உண்மை வெளிப்படும். புத்தம் புதிய வர்ணம் கண்டால் மகிழ்வதிலும் ஐயுறுவதே நன்று.

அடுத்தது நீராட்டு. நன்னீரால் நிதானமாகக் கழுவி உப்பை நீக்குக. கரையோரக் கிணறுகள் பலவும் உவர்ப்பானவை. நாவில் உவர்க்கும் நீர் வண்டிக்கும் ஆகாது. விசைக் குழாயாற் பீய்ச்சியடித்தால் உப்புநீர் அச்சுக் குண்டுகளுக்குள் புகுந்துவிடும். உலர்ந்தபின் சங்கிலியை மண்ணெண்ணெயால் துலக்கி எண்ணெயிடுக; கப் வகைகளில் அது 10 முதல் 20 மில்லிமீற்றர் வரை தளர்ந்திருத்தல் போதும். அலுமினியப் பெட்டியில் இறுகிய இரும்புத் திருகாணிகளை அவசரப்பட்டு முறுக்கலாகாது. இரு வேறு உலோகங்களுக்கிடையில் உப்பு நீர் நின்றால் அலுமினியம் அரிபட்டுத் திருகாணியைப் பற்றிக்கொள்ளும். எண்ணெய் ஊறவிட்டு ஓரிரவு பொறுத்திருப்பது சாலச் சிறந்தது.

பிரேக்கைப் பார்க்காமல் வீதிக்கு இறங்குதல் ஒருபோதும் கூடாது. சில்லைக் கழற்றி உள்ளுறையை நோக்குக. பழைய உறைகளிற் கல்நார் கலந்திருக்கக்கூடும். அதன் தூசு நுரையீரலுக்குக் கொடியது. வாயால் ஊதாது, ஈரத் துணியால் துடைத்தெடுத்து அத்துணியைக் கட்டி எறிந்துவிடுக. கேபிளில் ஓர் இழை அறுந்திருப்பினும் புதியது மாற்றுக. ரயரின் பக்கத்தில் நான்கு இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும்: 2311 எனில் 2011ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்திற் செய்யப்பட்டதென்பது பொருள். பூக்கள் தேயாதிருப்பினும் பக்கங்கள் வெடித்த ரயர் நம்பத்தக்கதன்று. தந்தையர் மகனுக்கு வாங்கிக் கொடுக்கும்போது தலைக்கவசத்துக்கும் ரயருக்கும் பணம் ஒதுக்கியபின் வர்ணத்தைப் பற்றிச் சிந்திக்கலாம்.

பெற்றோல் தாங்கிக்குள் ஒளி பாய்ச்சிப் பார்த்தால் செந்நிறப் பொடி தென்படலாம். அதுவே காபுரேற்றரின் நுண்துளையை அடைத்து, நடுவழியில் நிற்கச் செய்வது. பழைய பெற்றோலை அடுப்புக்கும் புகைப்போருக்கும் எட்டாத வெளியிடத்தில் வடித்து, சவர்க்கார நீரிட்டுக் கழுவி, வினாகிரி நிரப்பி ஓரிரு நாள் விடுக. பித்தளைப் பாத்திரத்தைப் புளி துலக்குவது போன்றதே இதுவும். பின்னர் அப்பச்சோடா கரைத்த நீரால் அமிலத்தை மாற்றி, நன்கு உலர்த்தி, தாமதியாது பெற்றோல் நிரப்புக. உலர்ந்த வெறும் தகடு ஒரே நாளிற் சிவந்துவிடும்.

ஒயிலை இயந்திரம் இளஞ்சூடாயிருக்கையில் வடித்து மாற்றுக. இவ்வகைகளில் கிளச்சும் அதே ஒயிலில் மூழ்கியிருப்பதால், ஜாசோ எம்.ஏ. எனக் குறித்த மோட்டார் சைக்கிள் ஒயிலே தகும். சில மோட்டார்க் கார் ஒயில்கள் கிளச்சை வழுக்கச் செய்யும். பிளக் இடைவெளி 0.6 முதல் 0.7 மில்லிமீற்றர். பற்றரிக்குக் காய்ச்சி வடித்த நீர் அன்றிக் கிணற்று நீர் வேண்டாம். அங்கும் பகை உப்பே.

முதல் ஓட்டத்துக்குப் பாலாவி–கற்பிட்டி வீதி வேண்டாம். ஊர்க் கோயில் வரை சென்று திரும்பினாற் போதும். வந்ததும் இரு சில்லுகளின் குடத்தையும் புறங்கையால் தொட்டுப் பார்க்க. ஒன்று சுடுமாயின் அந்தப் பிரேக் விடாமல் உரசுகிறது; சுரையைச் சற்றுத் தளர்த்தி, சில்லு தடையின்றிச் சுழலும்வரை சரிசெய்து, மீண்டும் ஒருமுறை கோயில் வரை சென்று வருக.