தண்டின் அரை அங்குலம்

நியூ ஜெர்சியில் உட்பிரிட்ஜ் நகராட்சிக்குள் அடங்கும் ஐசலின், ஓக் ட்ரீ சாலையின் மளிகைக் கடைகளாலும் நகைக் கடைகளாலும் தமிழரிடையே பெயர் பெற்ற ஊர் என்றாலும், அதைச் சுற்றிலும் கோல்ஃப் மைதானங்கள் நிறைந்திருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. பக்கத்து எடிசனில் டொனால்ட் ராஸ் வடிவமைத்த பிளெய்ன்ஃபீல்ட் கன்ட்ரி கிளப்பும், ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் மிடில்செக்ஸ் கவுண்டிக்குரிய டமராக் பொது மைதானமும் இருக்கின்றன. 287ஆம் நெடுஞ்சாலையில் ஏறக்குறைய அரைமணி நேரம் சென்றால் வரும் லிபர்ட்டி கார்னரில் 1894இல் தோன்றிய அமெரிக்க கோல்ஃப் சங்கத்தின் தலைமையகமும் சோதனைக்கூடமும் அமைந்துள்ளன. மட்டை எவ்வளவு நீளம் இருக்கலாம், அந்த நீளத்தை எங்கிருந்து எதுவரை அளக்க வேண்டும் என்பவற்றை ஸ்காட்லாந்தின் ஆர் அண்ட் ஏ அமைப்போடு சேர்ந்து வகுப்பது இந்தச் சங்கமே.

எங்கிருந்து எதுவரை என்ற கேள்விக்கு விதி எதற்கு என்று தோன்றலாம். கோல்ஃப் மட்டை நேரான கோலாக இருந்தால் விதி தேவைப்பட்டிருக்காது. ஷாஃப்ட் எனப்படும் தண்டின் அடியில் தலை ஒரு பக்கமாகத் துருத்திச் சாய்ந்து நிற்பதால், அளவுநாடாவின் நுனியைத் தலையின் நடுவில் வைப்பவருக்கு ஒரு கணக்கும் அதன் குதியில் வைப்பவருக்கு வேறொரு கணக்கும் வரும். ஆகவே மட்டையைக் கிடைத்தளத்தில் கிடத்தி, தலையின் அடிப்பாகத்தை 60 பாகை சாய்ந்த ஒரு தளத்தில் பொருத்தி, இரு தளங்களும் வெட்டிக்கொள்ளும் கோட்டிலிருந்து கைப்பிடியின் உச்சிவரை உள்ள தூரமே நீளம் என்று விதி சொல்கிறது. வீட்டில் அளப்பவர் மட்டையை ஆடும் நிலையில் தரையில் நிறுத்தி, குதியின் பின்னால் தரையைத் தொடும்படி அளவுகோலை வைத்துத் தண்டை ஒட்டிப் பிடித்தால் ஏறக்குறைய அதே அளவு கிடைத்துவிடும்.

அந்த நீளத்துக்கான உச்சவரம்பு 2004 முதல் 48 அங்குலம். ஐசலினுக்கு அருகிலுள்ள ஸ்பிரிங்ஃபீல்டின் பால்டஸ்ரால் மைதானத்தில் 2005ஆம் ஆண்டு பிஜிஏ பட்டத்தை வென்ற ஃபில் மிக்கெல்சன், அதே பட்டத்தை 2021இல் தம் 50ஆவது வயதில் கியாவா தீவில் மீண்டும் வென்றபோது அவர் கையில் இருந்த, பந்தை நெடுந்தூரம் அடிக்கும் டிரைவர் என்ற மட்டையின் நீளம் 47.9 அங்குலம். தொழில்முறைப் போட்டிகளை நடத்துவோர் விரும்பினால் வரம்பை 46 அங்குலமாகக் குறைத்துக்கொள்ளலாம் என்ற விதி 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. மிக்கெல்சன் அதை வெளிப்படையாகவே எதிர்த்தார். பந்தைக் குழிக்குள் உருட்டிவிடும் பட்டர் என்ற மட்டைக்கு இந்த உச்சவரம்பு கிடையாது. இந்திய வம்சாவளி ஆட்டக்காரர் அக்ஷய் பாட்டியா துடைப்பக்கட்டை போன்ற நெடிய பட்டரோடு ஆடுவதை அதனால்தான் காண முடிகிறது.

வார இறுதியில் ஆடுபவருக்கு 46, 48 என்ற எண்களால் பெரிய தொல்லை இல்லை. அவர் வாங்கும் பழைய மட்டைத் தொகுதி சராசரி ஆணின் உடலுக்கென்று செய்யப்பட்டது. அதில் டிரைவர் 45 அங்குலத்தைத் தாண்டியும் ஏழாம் எண் அயர்ன் 37 அங்குல அளவிலும் இருக்கும். ஆடுபவரின் உயரத்தை மட்டும் பார்த்து இந்த நீளத்தைக் குறைப்பது தவறாகலாம். கைகளைத் தளரவிட்டு நிற்கும்போது மணிக்கட்டுக்கும் தரைக்கும் உள்ள தூரமே நம்பத்தக்க தொடக்கம். அண்ணன் சட்டையைப் பிடித்துத் தம்பிக்குப் போடுவதுபோல் பெரியவரின் மட்டையைக் குறுக்கிச் சிறுவனுக்குக் கொடுக்கும் வழக்கமும் உண்டு. தலையின் எடை அப்படியே இருக்க, குறுகிய தண்டு முன்னைவிட விறைத்துப் போவதால், அது சிக்கனமாகத் தெரிந்தாலும் பிள்ளையின் வீச்சைக் கெடுப்பதாகவே முடிகிறது.

தண்டுக்கு இரண்டு முனைகள். தலைக்குள் செருகப்படும் மெல்லிய முனையை வெட்டினால் விறைப்பு வெகுவாகக் கூடிவிடும். புதுத் தண்டைப் பொருத்தும்போது, அதுவும் தயாரிப்பாளரின் அட்டவணைப்படி மட்டுமே, அங்கே கைவைக்கலாம். நீளத்தைக் குறைப்பதற்கான இடம் கைப்பிடிப் பக்கத்துப் பருத்த முனைதான். அங்கே அரை அங்குலம் போனாலும் எடைச்சமன் மாறும். பழைய சந்தைகளில் காய்கறி நிறுத்த வெள்ளிக்கோலைப் போன்ற ஒரு துலாவில் மட்டையை வைத்து, பிடியின் உச்சியிலிருந்து 14 அங்குலத்தில் தாங்கி, தலைப்பக்கம் எவ்வளவு இழுக்கிறது என்பதை எழுத்தும் எண்ணுமாகக் குறிப்பார்கள். இது வீச்செடை எனப்படும். அரை அங்குலக் குறைப்பு இதை ஏறக்குறைய மூன்று புள்ளி இறக்கும். டி2 என்றிருந்தது சி9 ஆகும். தலையின் பின்புறம் சுமார் ஆறு கிராம் ஈயப் பட்டையை ஒட்டினால் இழந்த கனம் திரும்பிவிடும்.

வெட்டும் கருவியைத் தண்டின் பொருளே முடிவு செய்கிறது. ஹிக்கரி மரத்தண்டுகளின் காலம், எஃகுத் தண்டை அமெரிக்கச் சங்கம் 1924இலும் ஆர் அண்ட் ஏ 1929இலும் ஏற்றபின் மெல்ல முடிந்தது. 1970களில் கார்பன் இழைகளைப் பிசினால் இறுக்கிச் செய்த கிராஃபைட் தண்டு சந்தைக்கு வந்தது. எஃகுக்குக் குழாய் வேலை செய்பவரின் பைப் கட்டரே போதும். அதே கட்டரைக் கிராஃபைட்டில் இறுக்கினால் இழைகள் நசுங்கி நெடுக விரியும்; வெளியில் தெரியாத அந்த விரிசல் ஆட்டத்தின் நடுவில் முறிவாக வெளிப்படும். எனவே கிராஃபைட்டில் வெட்டும் இடத்தைச் சுற்றி மாஸ்கிங் டேப்பை இரண்டு மூன்று சுற்று ஒட்டி, அதன்மேல் கோடிட்டு, கார்பைடு துகள் பதித்த ஹாக்சா பிளேடால், தண்டைச் சிறிது சிறிதாகத் திருப்பிக்கொண்டே அறுக்க வேண்டும். கிளம்பும் கருந்தூள் நுரையீரலுக்கு ஆகாது என்பதால் முகக்கவசத்தைத் தவிர்க்கக் கூடாது.

கோடிடுவதற்குமுன் நினைவில் கொள்ள வேண்டியது, கைப்பிடி உறையின் மூடி தானே எட்டில் ஒரு அங்குலம் சேர்க்கும் என்பது. 36 அங்குலம் வேண்டுமானால் தண்டை அதற்கு எட்டில் ஒரு அங்குலம் குறைவாகவே நிறுத்த வேண்டும். வெட்டிய விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து, இருபுறமும் ஒட்டும் டேப்பைச் சுற்றியபின், உறையின் மூடித் துளையை விரலால் அடைத்து உள்ளே கரைப்பானை ஊற்றிக் குலுக்கி, அதையே டேப்பின் மேலும் வழியவிட்டு, ஈரம் காயுமுன் ஒரே தள்ளாக உறையை ஏற்றுவார்கள். பசை இறுகச் சில மணி நேரமாகும். அதன்பின் உறையின் உச்சிவரை எடுக்கும் அளவைத்தான் விதி நீளம் என்று ஏற்கிறது.