ரிபிள்ஹெட் ரயில் நிலையம்

இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் மலைப்பகுதியில், செட்டில்–கார்லைல் ரயில் பாதையில் ரிபிள்ஹெட் நிலையம் உள்ளது. மிட்லண்ட் ரயில்வே நிறுவனம் ஸ்காட்லாந்து செல்லத் தனக்கெனச் சொந்தமாக ஒரு தடம் வேண்டி இந்தப் பாதையை அமைத்தது. 1869இல் தொடங்கிய பணியில் ஆயிரக்கணக்கான கூலியாட்கள் சதுப்பு நிலத்திலும் பாறையிலும் பாடுபட்டார்கள். நிலையத்தை அடுத்து நிற்கும் 24 வளைவுகள் கொண்ட கற்பாலம் அவர்களுடைய உழைப்பின் சான்று. அதன் நீளம் ஏறத்தாழ 400 மீட்டர். உயரம் 32 மீட்டர். 1876 மே 1 அன்று பயணிகள் ரயில் ஓடத் தொடங்கியது. அதே ஆண்டு டிசம்பரில் ரிபிள்ஹெட் நிலையம் திறக்கப்பட்டது.

பாதையின் நிலையங்களை வடிவமைத்தவர் நிறுவனத்தின் கட்டடக் கலைஞர் ஜான் ஹாலோவே சாண்டர்ஸ். ஊருக்கு ஒரு வரைபடம் போடாமல் பெரியது, நடுத்தரம், சிறியது என மூன்று மாதிரிகளை அவர் வகுத்தார். செட்டில், ஆப்பிள்பி போன்ற ஊர்களுக்குப் பெரிய மாதிரி; மக்கள் குறைந்த ரிபிள்ஹெட்டுக்குச் சிறியது. வரைபடம் பொதுவானாலும் கல் அந்தந்த வட்டாரத்துடையது. அதனால் வடக்கே ஈடன் பள்ளத்தாக்கின் பல நிலையங்கள் செம்மணற்கல்லால் சிவந்து நிற்கின்றன.

நிறுவனத்தின் தலைமையகம் டெர்பி நகரில் இருந்ததால் இப்பாணி ‘டெர்பி கோதிக்’ எனப்படுகிறது. தரைத்தளம் மட்டுமே கொண்ட நீள்கட்டடத்தின் இரு முனைகளிலும் முக்கோண முகப்புச் சுவர்கள் எழுகின்றன. அவற்றுக்கிடையே உள்வாங்கிய பகுதியைக் கண்ணாடித் தடுப்பு மூடுகிறது. ரயிலுக்குக் காத்திருப்போர் மலைக்காற்றிலிருந்து தப்ப இது உதவியது. கூரை செங்குத்தாகச் சரிகிறது. அதன் விளிம்புப் பலகைகளில் அலங்கார மரவேலை உண்டு. நிலைய அதிபருக்குத் தனி வீடு இருந்தது.

தேவாலயம் தொலைவில் இருந்ததால் காத்திருப்பு அறையிலேயே வழிபாடு நடந்தது. 1938 முதல் நிலைய ஊழியர்கள் வானிலையையும் பதிவு செய்தனர்.

1970இல் நிலையம் மூடப்பட்டது. 1986இல் மீண்டும் திறக்கப்பட்டது. இதற்கிடையே, பாலத்தைப் பழுதுபார்க்கும் செலவைக் காரணம் காட்டிப் பாதை முழுவதையும் மூட முயற்சி நடந்தது. மக்களின் நீண்ட போராட்டத்துக்குப் பின் 1989இல் அரசு அத்திட்டத்தைக் கைவிட்டது. பின்னர் ஓர் அறக்கட்டளை நிலையக் கட்டடத்தைப் புதுப்பித்து, பார்வையாளர் மையமாக்கியது. சிற்றூர் நிலையமாயினும் உள்ளூர்க் கல்லாலும் நேர்த்தியான கைவேலையாலும் கட்டப்பட்ட இந்தக் கட்டடம் ஒன்றரை நூற்றாண்டு மழையையும் பனியையும் தாங்கி, இன்றும் பயணிகளுக்குப் பயன்படுகிறது.