கருமுட்டை தானம்: தம்பதியரின் கண்ணீரும் திருஅவையின் போதனையும்

குழந்தைப்பேறு இல்லாமல் ஏங்கும் தம்பதியர் இன்று நம் ஒவ்வொரு பங்கிலும் இருக்கின்றனர். திருமணமாகி ஒரு வருடம் ஆனதுமே "விசேஷம் ஏதாவது உண்டா?" என்று கேட்கத் தொடங்கும் உறவுகள், சில வருடங்கள் கழித்துக் கேட்பதை நிறுத்திக்கொள்கின்றன. அதன்பின் வளைகாப்புக்கும் சீருக்கும் அந்தப் பெண்ணை முன்னே அழைப்பதில்லை. இது புதிய துயரம் அல்ல. நம் கொங்கு மண்ணின் அண்ணமார் கதையில் வரும் தாமரையும் பிள்ளை வரம் கேட்டு நெடுந்தவம் இருந்தவள்தான். நம் மக்கள் வேளாங்கண்ணியில் தொட்டில் கட்டுகிறார்கள். கருமத்தம்பட்டி செபமாலை அன்னையின் முன் முழந்தாளிடுகிறார்கள். அதே கையோடு கோவையிலோ, ஈரோட்டிலோ, சேலத்திலோ ஒரு கருத்தரிப்பு மையத்தின் வரிசையிலும் உட்காருகிறார்கள்.

அந்த வரிசையில் பல வருடங்கள் கழிந்தபின் ஒருநாள் மருத்துவர், "உங்கள் கருப்பை நன்றாக இருக்கிறது, முட்டைதான் சரியில்லை, டோனர் முட்டை வைத்துச் செய்யலாம்" என்கிறார். அதாவது, வேறொரு பெண்ணின் கருமுட்டையைக் கணவரின் உயிரணுவோடு ஆய்வகத்தில் சேர்த்து, உருவாகும் கருவை மனைவியின் கருப்பையில் வைப்பது. அதற்கும் சம்மதித்து, நகையை அடகு வைத்துச் செய்தபின்னும் கரு பதியாமல் போகும்போது, "எங்கே தவறு நடந்தது? பதிய வைக்க இன்னும் என்ன செய்யலாம்?" என்ற கேள்வியோடு அத்தம்பதியர் திரும்பி வருகிறார்கள். இக்கேள்வியை மருத்துவத்தின் பக்கமிருந்தும் விசுவாசத்தின் பக்கமிருந்தும் இங்கே பார்ப்போம்.

கரு பதிதல் என்பது என்ன? முட்டையும் உயிரணுவும் இணைந்த ஐந்தாம், ஆறாம் நாளில் கரு தன் மேலுறையைக் கிழித்துக்கொண்டு வெளிவந்து, கருப்பையின் உட்சுவரில் ஒட்டி, மெல்ல உள்ளே புதைகிறது. அந்த உட்சுவர் எந்நேரமும் கருவை ஏற்பதில்லை. மாதத்தில் சில நாள்கள் மட்டுமே அதன் கதவு திறந்திருக்கிறது. டோனர் முறையில் ஈஸ்ட்ரோஜன் மாத்திரைகளைச் சுமார் இரண்டு வாரம் கொடுத்து உட்சுவரை வளர்க்கிறார்கள். ஸ்கேனில் அது ஏறக்குறைய 7 மில்லிமீட்டராவது தடித்திருக்கிறதா என்று பார்த்தபின் புரோஜெஸ்டிரோன் தொடங்கி, ஐந்து நாள் வளர்ந்த கருவை உள்ளே வைக்கிறார்கள். கரு பதியுமா என்பதில் பெரும்பங்கு வகிப்பது முட்டையின் வயது. நாற்பதைத் தாண்டிய பெண்ணுக்கும் இளம்பெண்ணின் முட்டையால் கரு பதிய நல்ல வாய்ப்பு இருப்பது இதனால்தான். ஆயினும் இளம் முட்டையிலிருந்து வந்த கருக்களிலும் ஒரு பகுதி குரோமோசோம் குறையால் தானாகவே நின்றுபோகும். அது மனைவியின் குற்றமன்று. அவள் மாடிப்படி ஏறியதாலோ, பப்பாளி சாப்பிட்டதாலோ நிகழ்ந்ததுமன்று. கரு வைத்தபின் இரண்டு வாரம் படுத்தே கிடப்பதாலும் எந்தப் பயனும் இல்லை என்பதை மாமியார்மார் தெரிந்துகொண்டால் நல்லது.

கரு பதிவதற்கு உண்மையிலேயே உதவுபவை பெரும்பாலும் பழைய, சாதாரண வேலைகள். கருக்குழாயில் நீர் கோத்து வீங்கியிருந்தால் அதைச் சரிசெய்வது, கருப்பைக்குள் துருத்திய சதையையோ நார்க்கட்டியையோ எடுப்பது, தைராய்டையும் சர்க்கரையையும் கட்டுக்குள் கொண்டுவருவது, கணவர் புகையை விடுவது. நம் நாட்டில் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும்: வெளியே எந்த அறிகுறியும் காட்டாமல் கருக்குழாயையும் கருப்பையையும் கெடுக்கும் காசநோய்.

இவற்றைத் தாண்டி, கூடுதல் கட்டணத்தில் விற்கப்படும் உபாயங்கள் ஏராளம். கருப்பையின் உட்சுவரை லேசாகச் சுரண்டிவிட்டால் கரு நன்கு பதியும் என்று பல ஆண்டுகள் சொல்லப்பட்டது. 1,300க்கும் அதிகமான பெண்களிடம் நடத்தி 2019ல் வெளியான ஆய்வில், சுரண்டியவர்களுக்கும் சுரண்டாதவர்களுக்கும் குழந்தை பிறந்த அளவு ஒன்றே: நூற்றுக்கு 26. உட்சுவரில் சிறு துண்டெடுத்து, மரபணுச் சோதனை வழியாகக் கரு வைக்கும் 'சரியான நேரத்தை'க் கணிக்கும் சோதனையும் இப்படித்தான். அமெரிக்காவில் 767 பெண்களிடம் நடந்து 2022ல் வெளியான ஆய்வில், சோதனைப்படி கரு வைத்தவர்களில் நூற்றுக்கு 58.5 பேருக்கும், வழக்கமான நேரத்தில் வைத்தவர்களில் 61.9 பேருக்கும் குழந்தை பிறந்தது. அந்தச் சோதனையால் ஆதாயம் இல்லை. கண்ணீரோடு வருபவர்களிடம் எதையும் விற்றுவிடலாம் என்பதை நம் வட்டாரத்து வியாபாரிகளுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. மருத்துவமும் அதைக் கற்றுக்கொண்டுவிட்டதோ என்று அஞ்சுகிறோம்.

இதுவரை கணவன், மனைவி, மருத்துவர் ஆகிய மூவரைப் பற்றியே பேசினோம். நான்காவதாக ஒருத்தி இருக்கிறாள்: முட்டையைக் கொடுத்தவள்.

அவளுக்குப் பத்துப் பன்னிரண்டு நாள்கள் ஊசி போடுகிறார்கள். இயல்பாக மாதம் ஒன்றாக முதிரும் முட்டைகள் ஒரே நேரத்தில் பலவாக முதிர்கின்றன. பிறகு மயக்க மருந்து கொடுத்து, பிறப்புறுப்பின் வழியே ஊசி செலுத்தி அவற்றை உறிஞ்சி எடுக்கிறார்கள். சிலருக்கு ஊசியின் வேகத்தால் சினைப்பை வீங்கி, வயிற்றில் நீர் கோத்து, உயிருக்கே ஆபத்து வருவதுண்டு. இந்த வேதனைக்குப் பெரும்பாலும் யார் உட்படுகிறார்கள்? வசதியான வீட்டுப் பெண்கள் அல்லர்.

2022 ஜூன் மாதம் ஈரோட்டிலிருந்து வெளிவந்த செய்தி நம் எல்லாரையும் தலைகுனியச் செய்தது. பதினாறு வயதுச் சிறுமி ஒருத்தியின் கருமுட்டையை, பெற்ற தாயும் அவளோடு வாழ்ந்த ஆணும் ஒரு பெண் தரகர் மூலம் பலமுறை விற்றிருந்தனர். ஆதார் அட்டையில் அவள் வயது கூட்டிக் காட்டப்பட்டிருந்தது. ஒருமுறைக்கு 20 ஆயிரம் ரூபாய், அதில் தரகருக்கு 5 ஆயிரம் என்று அப்போது செய்திகள் கூறின. அவர்கள் கைது செய்யப்பட்டனர். நலவாழ்வுத் துறையின் விசாரணைக்குப்பின் தனியார் மருத்துவமனைகள் சிலவற்றின்மீது நடவடிக்கை எடுப்பதாக அந்த ஜூலையில் அரசு அறிவித்தது. அந்த முட்டைகளைப் பெற்ற தம்பதியருக்கு இது எதுவும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அவர்களும் எங்கோ ஒரு பீடத்தின்முன் குழந்தைக்காக மன்றாடியவர்களாகவே இருந்திருப்பார்கள்.

செய்தி வருவதற்குச் சில மாதங்கள் முன்னர்தான், 2022 ஜனவரி 25 அன்று, செயற்கைக் கருத்தரிப்பை ஒழுங்குபடுத்தும் 2021ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்திருந்தது. முட்டை கொடுப்பவளுக்கு 23 முதல் 35 வயது இருக்கவேண்டும், வாழ்நாளில் ஒரே முறைதான் கொடுக்கலாம், ஏழு முட்டைகளுக்குமேல் எடுக்கக் கூடாது, அவளுக்குக் காப்பீடு செய்யவேண்டும், விலைக்கு விற்பது குற்றம் என்று அது சொல்கிறது. நல்ல விதிகள்தாம். ஆனால் விலை இல்லை என்றால், முன்பின் தெரியாத தம்பதியருக்காக ஊசியும் மயக்க மருந்தும் ஏற்க எத்தனை பெண்கள் தாமாகவே முன்வருவர்? இக்கேள்விக்குச் சட்டத்தில் பதில் இல்லை.

தொடக்கநூலின் 16ஆம் அதிகாரத்தை இந்தக் கண்ணோடு வாசித்துப் பாருங்கள். பிள்ளையில்லாத சாராய் தன் பணிப்பெண்ணைக் கணவரிடம் கொடுக்கிறாள். கொடுக்கும்போது சாராயோ ஆபிராமோ அவளைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதில்லை. 'பணிப்பெண்' என்றே பேசுகின்றனர். அவள் கொடுமை தாளாமல் பாலைநிலத்துக்கு ஓடியபோது, நீரூற்றின் அருகே ஆண்டவரின் தூதர்தாம் முதன்முதலாக அவளை 'ஆகார்' என்று அழைக்கிறார். அவளோ தன்னைக் காண்கின்ற இறைவனைக் கண்டுகொள்கிறாள். டோனர் என்று மட்டும் கோப்பில் எழுதப்படும் பெண்ணையும் அதே இறைவன் காண்கிறார்.

திருஅவையின் போதனை தெளிவானது. விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 1987 பிப்ரவரி 22 அன்று வெளியிட்ட 'தோனும் வீத்தே' ஏடும், 2008ல் வெளியிட்ட 'திக்னித்தாஸ் பெர்சோனே' ஏடும், மூன்றாம் நபரின் முட்டையையோ உயிரணுவையோ கொண்டு குழந்தை உண்டாக்குவதை ஏற்பதில்லை. கணவனும் மனைவியும் ஒருவர் வழியாக மற்றவர் மட்டுமே தந்தையும் தாயும் ஆவதுதான் திருமணத்தின் ஒருமை. தன் பெற்றோரிடமிருந்தே பிறப்பது குழந்தையின் உரிமை. தம்பதியரின் சொந்த முட்டையையும் உயிரணுவையும் கொண்டே செய்தாலும் ஆய்வகக் கருத்தரிப்பு ஏற்கப்படுவதில்லை என்பதையும் ஒளிக்காமல் சொல்லவேண்டும். அதில் குழந்தை அன்புறவின் கனியாக அல்லாமல் தயாரிக்கப்படும் பொருளாகிறது. மிஞ்சும் கருக்கள் உறைநிலையில் வைக்கப்படுகின்றன. நம் சட்டம் அவற்றுக்குப் பத்தாண்டுவரை அனுமதி தருகிறது. அதன்பின் அவை அழியவிடப்படும், அல்லது ஆராய்ச்சிக்குப் போகும்.

அப்படியானால் திருஅவை வெறுமனே 'கூடாது' என்று சொல்லிக் கதவைச் சாத்துகிறதா? இல்லை. முன்பு சொன்ன கருக்குழாய் அடைப்பு, நார்க்கட்டி, தைராய்டு, காசநோய்ச் சிகிச்சைகள் யாவற்றையும் திருஅவை வரவேற்கிறது. அமெரிக்க மருத்துவர் தாமஸ் ஹில்கர்ஸ் வகுத்த 'நேப்ரோ' முறை, பெண்ணின் மாதச் சுழற்சியைக் கூர்ந்து கவனித்துக் குறையை அறிந்து சரிசெய்ய முயல்கிறது. கணவரும் முதலிலேயே பரிசோதனைக்குப் போகவேண்டும். பல வீடுகளில் மனைவி ஐந்து மருத்துவரைப் பார்த்தபிறகும் அவர் போவதில்லை. அதேவேளையில், முட்டை முற்றிலும் வற்றிவிட்ட பெண்ணுக்கு இவற்றால் குழந்தை கிடைத்துவிடும் என்று நம்பிக்கை ஊட்டுவதும் ஏமாற்றுதலே. அவளிடம் அன்னாவைப் பற்றிப் பேசுகிறோம். ஆனால் அன்னா உதடு மட்டும் அசைய அழுதபோது, குரு ஏலி அவள் குடித்திருப்பதாக நினைத்தார் என்பதைக் குருக்களாகிய நாம் மறந்துவிடுகிறோம்.

தத்தெடுப்பு இன்னொரு வழி. வேண்டாத பெண் சிசுக்களைப் போட்டுச் செல்ல 1992ல் அரசு தொட்டில் வைத்தது நமக்கு அடுத்த சேலத்தில்தான். இன்று சட்டப்படி 'காரா' அமைப்பில் பதிவுசெய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியுள்ளது. ஆகவே கருத்தரிப்பு மையங்களில் பத்து வருடம் போனபிறகு யோசிப்பதைவிட முன்கூட்டியே பதிவது நல்லது. "எந்தச் சாதியோ, யார் ரத்தமோ" என்று தத்துப்பிள்ளையைத் தட்டிக்கழிக்கும் அதே குடும்பம், முகம் தெரியாத பெண்ணின் முட்டையை மட்டும் மறுபேச்சின்றி ஏற்பதைப் பார்க்கிறோம். ஊருக்குத் தெரியாது என்பதுதான் வித்தியாசம்.

இந்த வழியில் ஏற்கெனவே சென்று குழந்தை பெற்றவர்கள் நம் பங்குகளில் இருக்கின்றனர். சிலர் பயத்தால் பங்குத்தந்தையிடம் பேசுவதே இல்லை. அவர்கள் பேசலாம், ஒப்புரவு அருளடையாளத்தை அணுகலாம். எந்த முறையில் உருவானாலும், பிறந்த குழந்தை இறைவனின் நன்மைத்தனத்தால் வந்த உயிருள்ள கொடையென ஏற்று அன்போடு வளர்க்கப்பட வேண்டும் என்று 'தோனும் வீத்தே' ஏடே கூறுகிறது. அக்குழந்தையின் திருமுழுக்குக்கு எந்தத் தடையும் இல்லை.