கடைசி இருபது சதவீதம்

அரிசோனாவில் வேலை பார்க்கும் மகன் பழைய ஆர்.வி. வண்டி ஒன்றை வாங்கியிருக்கிறான், அதன் கூரையில் எத்தனை வாட் சோலார் பேனல் போட்டால் பேட்டரிகள் நிறையும் என்று கோவை வாசகர் ஒருவர் கேட்டு எழுதியிருக்கிறார். படுக்கை, அடுப்பு, ஃபிரிட்ஜ் எல்லாம் உள்ளேயே கொண்ட அந்த வண்டிகள், குளிர்காலம் வந்தால் அங்குள்ள குவார்ட்சைட் ஊரைச் சுற்றியுள்ள பாலைவனத்தில் ஆயிரக்கணக்கில் வந்து நிற்கும். அரசு நிலம், அனுமதிச் சீட்டு வாங்கினால் செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை தங்கலாம். மின் இணைப்பு கிடையாது.

கணக்கு எளிது. ஃபிரிட்ஜ், விளக்கு, விசிறி, தண்ணீர் மோட்டார், லேப்டாப் எல்லாம் சேர்ந்து நாளுக்கு 1,500 வாட்-மணி என்று வைத்துக்கொள்வோம். சூடு, தூசி, வயர், கண்ட்ரோலர் ஆகியவற்றில் கால்வாசி போய்விடும். மீதிக் கணக்கை எந்த மாதத்து வெயிலை வைத்துப் போடுகிறோம் என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். டிசம்பர் 21 அன்று அங்கே உச்சிப்பொழுதிலும் சூரியன் 33 டிகிரி உயரத்துக்குத்தான் ஏறும். கூரையில் படுக்கவைத்த பேனலுக்கு நேர்க்கதிரில் பாதிக்குச் சற்றே அதிகம் கிடைக்கும். நாளுக்கு மூன்று மணி நேர முழு வெயில் என்று கொண்டால், ஏறக்குறைய 670 வாட் வேண்டும். அதே பேனலைத் தெற்குப் பார்த்து நன்றாகச் சாய்த்து வைத்தால், நண்பகல் வரவு ஒன்றேமுக்கால் மடங்காகும். கூரையிலுள்ள ஏ.சி. பெட்டியின் நிழல் பேனலின் ஒரு மூலையில் விழுந்தாலே மூன்றில் ஒரு பங்கு போய்விடலாம் என்பதையும் கவனிக்க வேண்டும்.

என்னை விடாமல் இழுப்பது பேட்டரியின் குணம். கோல்ஃப் வண்டிகளுக்கான 6 வோல்ட் ஈய-அமில பேட்டரிகளை இரண்டிரண்டாகக் கோத்து வைப்பது ஆர்.வி.காரர்களின் பழைய வழக்கம். 1859-இல் பிளான்டே கண்டுபிடித்த சாதனத்தின் வழிவந்தவை இவை. எண்பது சதவீதம் வரை கொடுத்த மின்சாரத்தை எல்லாம் மடமடவென்று வாங்கிக்கொள்ளும். அதன்பின் மின்னழுத்தம் 14.4 வோல்ட்டை எட்டி நிற்க, உள்ளே போகும் மின்னோட்டம் தானாகவே சுருங்கும். எங்கள் களத்தில் நெல் மூட்டை பிடிக்கும்போது முக்கால் மூட்டை மரக்காலால் அள்ளிப் போடப் போட நிறைந்துவிடும். கடைசிக் கால்வாசிக்குக் குலுக்கிக் குலுக்கிக் கைப்பிடி கைப்பிடியாகத்தான் போட வேண்டும். பேட்டரியும் அப்படித்தான். தகட்டின் ஆழத் துளைகளில் ஒட்டியிருக்கும் ஈய சல்பேட் கரைந்து, அமிலம் வெளியே ஊறி வர நேரம் பிடிக்கிறது. பேனலை இரட்டிப்பாக்கினாலும் அந்தக் கடைசி இருபது சதவீதத்துக்கு மூன்று நான்கு மணி நேரமாவது ஆகும். டிசம்பர் வெயிலோ பிற்பகலிலேயே சாய்ந்துவிடும்.

நாள்தோறும் இப்படி அரைகுறையாக நின்றால், மிஞ்சிய சல்பேட் கெட்டிப் படிகமாக இறுகிவிடும், பிறகு கரையாது. திறன் குறைந்ததைப் பார்த்து, பேட்டரி போதவில்லை என்று இன்னும் இரண்டு வாங்கிச் சேர்க்கிறார்கள். அதே வெயில் இன்னும் பலருக்குப் பங்காகிறது. எல்லாமே அரைவயிற்றோடு சாகின்றன. நம் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியையும் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றாமல் காயவிட்டுக் கொல்கிறோம். செத்த பேட்டரியின் ஈயத்தை ஏதோ ஒரு கொட்டகையில் உருக்கும்போது, அந்தப் புகை அக்கம்பக்கத்துக் குழந்தைகளின் ரத்தத்தில் சேர்கிறது. பராமரிப்பை அலுப்பான வேலையென்று ஒதுக்குவது எனக்குப் பொறுக்கவில்லை.

ஜெனரேட்டர் வைத்திருப்பவர்கள் பொழுது சாய்ந்தபின் அதை ஓட்டிப் பாலைவனத்து அமைதியையே கெடுக்கிறார்கள். விடிந்ததும் ஒரு மணி நேரம் ஓட்டினால் போதும். அப்போது பேட்டரி பசியோடு இருக்கும், நிறைய வாங்கிக்கொள்ளும். மெதுவாக ஊற வேண்டிய மீதியைப் பகல் முழுவதும் வெயில் பார்த்துக்கொள்ளும்.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிக்கு இந்தத் தொல்லை இல்லை. அரைகுறையாக நின்றாலும் கெடாது. ஈயத்தில் 500 ஆம்பியர்-மணி தேவைப்படும் இடத்தில் இது 300 இருந்தால் போதும். ஆனால் உறைநிலைக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்தால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து பாழாகும். 2,100 மீட்டர் உயரத்திலுள்ள ஃபிளாக்ஸ்டாஃப் பக்கம் குளிர்காலத்தில் போகும் எண்ணமிருந்தால், பேட்டரியை வெளிப்பெட்டியில் வைக்காமல், வண்டிக்குள் சூடு எட்டும் இடத்தில் வைக்கச் சொல்லுங்கள்.