ஹக்கும் யாப்பும்: நீதிமன்றம் நம்மை எவ்வளவு தூரம் காக்கும்?

நம் ஊர்ப் பேச்சில் "ஹக்கு" என்ற சொல் சர்வசாதாரணமாகப் புழங்கும். காணிப் பங்கு பிரிக்கும்போது "அடுத்தவன்ட ஹக்குல கை வைக்காத" என்பார்கள். கூலி கொடுக்கத் தாமதித்தால் "அது அவன்ட ஹக்கு, உடனே குடு" என்பார்கள். அரபியில் அச்சொல்லுக்கு உரிமை என்றும் உண்மை என்றும் பொருளுண்டு. அடியார்களுக்குரிய ஹக்கில் குறை வைத்தால், உரியவர் மன்னித்தால் ஒழிய மீட்சியில்லை என்று மத்ரஸாவில் சிறு வயதிலேயே படித்தவர்கள் நாம். ஆனால் அதே உரிமை அரசியலமைப்பில் எழுதப்பட்டு "அடிப்படை உரிமை" என்று பெயர் பெற்றதும், "அது லோயர்மார்ட வேல சேர்" என்று ஒதுங்கிக்கொள்கிறோம். 2020இல் நம் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டபோதுதான் அந்தப் புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பலரும் தேடத் தொடங்கினோம்.

நான் சட்டம் படித்தவனல்லன். திருகோணமலையில் தமிழ் படிப்பிக்கும் ஆசிரியன். உயர்தர வகுப்பு மாணவர்கள் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் தேடப்போய் அறிந்தவற்றையே இங்கு தொகுத்துத் தருகிறேன்.

யாப்பு என்னும் கட்டு

அரசியலமைப்பை நம் நாட்டில் "அரசியல் யாப்பு" என்றும் சொல்கிறோம். யாத்தல் என்றால் கட்டுதல். செய்யுளில் யாப்பு சொல்லைக் கட்டுகிறது. நாட்டில் யாப்பு கட்ட வேண்டியது ஆள்பவரை. குடிமகனைக் கட்டுவதற்குச் சாதாரணச் சட்டமே போதும். அரசனையும் அமைச்சனையும் பொலிஸ் அதிகாரியையும் கட்டுவதற்குத்தான் யாப்பு வேண்டியிருக்கிறது. அந்தக் கட்டு அவிழாமல் பார்த்துக்கொள்ளும் வேலை நீதிமன்றத்துடையது.

இந்தக் கட்டின் வரலாறு நமக்கு மகிழ்ச்சி தருவதல்ல. சோல்பரி யாப்பின் 29(2)ஆம் பிரிவு, ஒரு சமூகத்தின் மீதோ மதத்தின் மீதோ மற்றவர்க்கில்லாத தடையைச் சுமத்தும் சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றக் கூடாது என்றது. 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. சிங்களத் தேர்ச்சி பெறாததால் சம்பள உயர்வு நிறுத்தப்பட்ட தமிழ் எழுதுவினைஞர் கோடீஸ்வரன் வழக்குத் தொடுத்தார். அந்தச் சட்டம் செல்லாது என்று 1964இல் கொழும்பு மாவட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரச ஊழியர் சம்பளத்துக்காக அரசின் மீது வழக்குத் தொடுக்க முடியாது என்ற வேறொரு காரணத்தைச் சொல்லி உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கியது. 1969இல் இலண்டன் கோமறைக் கழகம் அந்தக் காரணத்தைத் தள்ளி, மூலக் கேள்வியை விசாரிக்கும்படி வழக்கைத் திருப்பி அனுப்பியது. அந்தக் கேள்வி கடைசிவரை விசாரிக்கப்படவேயில்லை. 1972இல் வந்த புதிய யாப்பில் 29(2) இல்லாமலே போயிற்று. ஒரு மாவட்ட நீதிபதி துணிந்து சொன்னதைப் பாராளுமன்றப் பெரும்பான்மை யாப்பையே மாற்றிக் கடந்துபோனது.

எழுதப்பட்டவையும் வரம்புகளும்

இப்போதுள்ள 1978ஆம் ஆண்டு யாப்பின் மூன்றாம் அத்தியாயம் அடிப்படை உரிமைகளைச் சொல்கிறது. 10ஆம் உறுப்புரை சிந்தனை, மனச்சாட்சி, மதச் சுதந்திரம் பற்றியது. 11ஆம் உறுப்புரை சித்திரவதையையும் கொடுமையான, இழிவான நடத்துகையையும் தடுக்கிறது. இவ்விரண்டுக்கும் வரம்பு கிடையாது; இவற்றை மாற்ற மூன்றிலிரண்டு பெரும்பான்மையோடு மக்கள் தீர்ப்பும் வேண்டும். 12 சமத்துவம் பற்றியது. 13 கைது, தடுத்துவைப்பு, நியாயமான விசாரணை பற்றியது. 14 பேச்சு, ஒன்றுகூடல், தொழில், நடமாட்டம் முதலியவற்றைத் தருகிறது.

இதில் நாம் கூர்ந்து பார்க்க வேண்டிய ஒரு நுட்பம் உண்டு. மதத்தை மனதால் நம்பும் உரிமை 10இல் இருக்கிறது, அதற்கு எல்லையில்லை. அந்த நம்பிக்கையை வணக்கத்திலும் அனுட்டானத்திலும் வெளிப்படுத்தும் உரிமை 14(1)(உ)வில் இருக்கிறது. தேசிய பாதுகாப்பு, பொது ஒழுங்கு, பொதுச் சுகாதாரம் போன்றவற்றுக்காக அதைச் சட்டத்தால் மட்டுப்படுத்தலாம் என்று 15(7) சொல்கிறது. ஈமானுக்கு வரம்பில்லை, ஜனாஸாவுக்கு வரம்பு உண்டு என்று சுருக்கமாகச் சொல்லலாம். நம் சமூகத்தின் பெரும்பாலான பிரச்சினைகள் இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட வெளியில்தான் நிகழ்கின்றன.

"சேர், உசிர் வாழுற உரிம எந்த உறுப்புரையில இருக்கு?" என்று ஒரு மாணவி கேட்டாள். நேரடியாக எங்கும் எழுதப்படவில்லை. ஆனால் 2003இல், பொலிஸ் காவலின் பின் சிறையில் இறந்த ஒருவரின் மனைவி தொடுத்த வழக்கில் உயர் நீதிமன்றம் யாப்பின் சொற்களுக்குள்ளிருந்தே உயிர்வாழும் உரிமையை வாசித்தெடுத்தது. இறந்தவருக்காக அவரது மனைவி மனுச் செய்யலாம் என்றும் ஏற்றது. எழுத்தில் இல்லாததையும் நீதிபதியின் வாசிப்புத் தர முடியும் என்பதற்கு இது உதாரணம். எழுத்தில் இருப்பதும் வாசிப்பாரின்றிக் கிடக்க முடியும் என்பதை 2020 காட்டியது.

இரண்டு டிசம்பர்கள்

2018 நவம்பர் 9ஆம் திகதி ஜனாதிபதி பாராளுமன்றத்தைக் கலைத்தார். நமது மாவட்டத்தின் பாராளுமன்ற உறுப்பினர் இரா. சம்பந்தன் உள்ளிட்டோர் உயர் நீதிமன்றம் போனார்கள். முஸ்லிம் கட்சிகளும் மனுத் தாக்கல் செய்தன. சமத்துவத்தைச் சொல்லும் 12(1)ஆம் உறுப்புரையே அம்மனுக்களின் அடிப்படை. டிசம்பர் 13ஆம் திகதி ஏழு நீதியரசர்களும் ஒருமித்து, நாலரை ஆண்டுகள் முடியுமுன் பாராளுமன்றத்தின் சம்மதமின்றிக் கலைத்தது யாப்புக்கு முரண் என்றார்கள். தீர்ப்பில் நீண்ட காரணங்கள் இருந்தன. "சம்பந்தன் எதிர் சட்டமா அதிபர்" என்று சட்ட மாணவர்கள் இன்று படிப்பது அதைத்தான்.

அடுத்த டிசம்பர் 2020. கொரோனாவில் இறந்தவர்களை அடக்கவும் செய்யலாம், எரிக்கவும் செய்யலாம் என்றே உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் இருந்தது. ஆனால் அவ்வாண்டு ஏப்ரல் 11ஆம் திகதிய வர்த்தமானி எரிப்பதை மட்டும் கட்டாயமாக்கியது. 10, 12, 14 ஆகிய உறுப்புரைகளைச் சுட்டி முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் மனுச் செய்தார்கள். அடிப்படை உரிமை மனு விசாரணைக்குப் போக முதலில் நீதிமன்றம் அனுமதி தர வேண்டும். டிசம்பர் 1ஆம் திகதி மூவர் ஆயம் பெரும்பான்மையால் அந்த அனுமதியை மறுத்தது, காரணம் கூறப்படவில்லை. நிலத்தடி நீர் கெடும் என்ற வாதத்துக்கு அறிவியல் ஆதாரம் உண்டா, 15(7)இன் கட்டுப்பாடு அளவோடு இருந்ததா என்ற கேள்விகள் விசாரணைக்கே வரவில்லை. ஒரு வாரம் கழித்துப் பிறந்து இருபது நாளேயான ஒரு குழந்தையின் மையித்தும் எரிக்கப்பட்டது. "கோட்டும் கைவிட்டா யாருட்டப் போற?" என்று அந்த நாட்களில் கேட்காத பெரியவர் நம் பள்ளிவாசல்களில் இல்லை.

2021 பெப்ரவரி 25இல் வேறொரு வர்த்தமானி அடக்கத்துக்கு அனுமதித்தது. ஓட்டமாவடியில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட உடல்கள் நல்லடக்கம் செய்யப்பட்டன. அந்த மாற்றத்தைக் கொண்டுவந்தவை போராட்டமும், வெள்ளைத் துணி கட்டிய மதில்களும், மாற்றுமதச் சகோதரர்களின் குரலும், வெளிநாட்டு அழுத்தமுமே, தீர்ப்பு அல்ல. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது. நீதிமன்றம் விசாரிக்காத வழக்குக்கு அரசாங்கமே குற்றத்தை ஒப்புக்கொண்டது போலாயிற்று.

ஆனால் இதைச் சொல்லி நீதிமன்றத்தையே வெறுத்துவிடக் கூடாது. ஈஸ்டர் தாக்குதலில் பாதிக்கப்பட்டவர்கள் தொடுத்த வழக்கில், முன்கூட்டிய எச்சரிக்கை கிடைத்தும் செயற்படாத முன்னாள் ஜனாதிபதி 10 கோடி ரூபா நட்டஈடு செலுத்த வேண்டும் என்று இதே உயர் நீதிமன்றம் 2023 ஜனவரி 12இல் கட்டளையிட்டது. இந்தியாவிலும் இப்படியே. 1976இல் அவசரகால நிலையின்போது, தடுத்துவைக்கப்பட்டவர் ஆட்கொணர்வு மனுக்கூடப் போட முடியாது என்று நால்வர் சொன்னார்கள். நீதியரசர் கன்னா ஒருவர் மட்டும் மறுத்தார். 2017இல் இந்திய உச்ச நீதிமன்றம் அந்த ஒருவர் சொன்னதே சரி என்றது. இடையில் 41 ஆண்டுகள்.

கட்டு எங்கே தளர்கிறது?

முதலாவது, நீதிபதிகளை யார் நியமிப்பது என்பது. 2015இன் 19ஆம் திருத்தம் உயர் நீதிமன்ற நியமனங்களுக்கு அரசியலமைப்புப் பேரவையின் அங்கீகாரத்தை வேண்டியது. 2020 ஒக்டோபரில் வந்த 20ஆம் திருத்தம் அந்த அதிகாரத்தை ஜனாதிபதியின் கைக்கு மாற்றியது. 2022இன் 21ஆம் திருத்தம் பேரவையை மீட்டது. 20ஆம் திருத்தத்துக்கு எதிர்க்கட்சி வரிசையிலிருந்த நம்மவர் சிலரும் கையுயர்த்தினார்கள். ஜனாஸாக்கள் எரிந்துகொண்டிருந்த காலம் அது. வாக்குக் கேட்டு வருபவரிடம் பாதையையும் பாலத்தையும் கேட்கும் நாம், யாப்புத் திருத்தத்தில் எந்தப் பக்கம் நின்றீர்கள் என்றும் கேட்க வேண்டும்.

இரண்டாவது, நிறைவேறிய சட்டத்தை எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்க முடியாது. சட்டமூலமாக இருக்கும்போதே, மிகக் குறுகிய காலத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் எதிர்க்க வேண்டும். 1979இன் பயங்கரவாதத் தடைச் சட்டம் இந்தக் கவசத்துக்குள்தான் நிற்கிறது. "நவரசம்" என்ற கவிதைத் தொகுதிக்காக 2020 மே மாதம் கைதான ஆசிரியரும் கவிஞருமான அஹ்னாப் ஜஸீம், 2021 டிசம்பரில்தான் பிணையில் வெளிவந்தார். 2023 டிசம்பரில் விடுதலை செய்யப்பட்டார். தமிழ்க் கவிதை எழுதியவர் ஒன்றரை ஆண்டுக்கு மேல் உள்ளே இருந்தார் என்பது, இத்தகைய சஞ்சிகைகளில் எழுதுவோரும் வாசிப்போரும் மறக்கக் கூடாத செய்தி.

மூன்றாவது, 16ஆம் உறுப்புரை. 1978க்கு முன்பிருந்த சட்டங்கள் அடிப்படை உரிமைகளுக்கு முரணானாலும் செல்லும் என்கிறது அது. 1951இன் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் இதன் நிழலில்தான் இருக்கிறது. நம் தனியார் சட்டத்தைக் காக்கும் வேலி என்று பலர் இதைப் பார்க்கிறார்கள். காழி நீதிமன்றத்தில் அலைக்கழியும் பெண் சமத்துவம் கேட்டு உயர் நீதிமன்றம் போவதைத் தடுப்பதும் இதே வேலிதான். ஜனாஸாவுக்கு 12ஆம் உறுப்புரையை நீட்டும் நாம், நம் வீட்டுப் பெண்பிள்ளை அதை நீட்டும்போது முகம் திருப்பலாமா? சலீம் மர்சூப் குழுவின் அறிக்கை 2018இலேயே கையளிக்கப்பட்டது. அதை நாமே பேசி முடிக்காவிட்டால் வேறு யாரோ நமக்காக முடிப்பார்கள்.

நான்காவது, சாட்சி. 2006 ஜனவரி 2இல் நமது நகரின் கடற்கரையோரத்தில் ஐந்து தமிழ் மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். குற்றஞ்சாட்டப்பட்ட 13 பேரும் 2019 ஜூலையில், போதிய சாட்சியம் இல்லையென்று திருகோணமலை நீதவான் நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டார்கள். சொல்ல வேண்டியவர்கள் அச்சத்தால் நாட்டைவிட்டுப் போயிருந்தார்கள். சாட்சியைக் காக்க முடியாத நாட்டில் நல்ல நீதிபதியும் வெறுங்கையோடுதான் இருப்பார்.

நமக்குத் திறந்துள்ள வாசல்கள்

அடிப்படை உரிமை மீறப்பட்டால் 126ஆம் உறுப்புரையின்படி உயர் நீதிமன்றத்தில் மட்டுமே மனுச் செய்யலாம். அதுவும் ஒரு மாதத்துக்குள். அரசும் அதன் அதிகாரிகளும் செய்தவற்றுக்கு மட்டுமே இது பொருந்தும். பக்கத்து வீட்டுக்காரர் செய்ததற்குப் பொருந்தாது. புல்மோட்டையிலும் தோப்பூரிலும் இருக்கும் ஒரு மீனவருக்குக் கொழும்புக்குப் போய் லோயர் பிடிப்பதற்குள் அந்த மாதம் போய்விடும். இந்தியாவில் மாநில உயர் நீதிமன்றங்களும் இத்தகைய மனுவை ஏற்கும். நம் நாட்டிலும் இந்த அதிகாரம் மாகாணங்களுக்கு வர வேண்டும் என்பது நாம் உரத்துக் கேட்க வேண்டிய கோரிக்கை.

அதுவரை ஒரு வழி உண்டு. மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்குத் திருகோணமலையில் பிராந்தியக் காரியாலயம் இருக்கிறது. அங்கு முறைப்பாடு செய்யக் கட்டணமில்லை, லோயரும் தேவையில்லை, தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம். மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் முறைப்பாடு செய்து, அதன்மேல் விசாரணை உண்மையில் நடக்குமானால், 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவுப்படி அந்த விசாரணைக் காலம் மேற்சொன்ன ஒரு மாதத்தில் சேர்க்கப்படாது. முறைப்பாட்டு இலக்கத்தையும் கடிதப் பிரதிகளையும் பத்திரப்படுத்துவது முக்கியம்.

ஆணைக்குழுவுக்கும் எல்லையுண்டு, அது பரிந்துரைக்கலாம், கட்டளையிட முடியாது. 2018இல் நமது நகரப் பாடசாலையொன்றில் எழுந்த அபாயா பிரச்சினையில் ஆணைக்குழு ஆசிரியைகளுக்குச் சார்பாகவே பரிந்துரைத்தது. ஆனால் 2022 பெப்ரவரியில் அதே பாடசாலை வாசலில் பிரச்சினை மறுபடி வெடித்தது. ஒரே ஒழுங்கையில் வாழும் இரு சமூகங்களுக்கிடையே காகிதம் செய்யக்கூடிய வேலை குறைவு. அதைப் பள்ளிவாசலும் கோவிலும் அதிபரும் பெற்றாரும் இருந்து பேசித்தான் தீர்க்க வேண்டும். ஆனால் பேச்சு முறிந்தால் நிற்பதற்கு ஓர் எழுத்து இருக்க வேண்டுமே, அதற்காகவே முறைப்பாடு.

ஆகவே ஒவ்வொரு ஜும்ஆப் பள்ளி நிர்வாகமும் உரிமை விவகாரங்களைப் பதிந்துவைக்க ஒரு கோவையும், அதற்குப் பொறுப்பாக ஓர் இளைஞரையோ யுவதியையோ வைத்துக்கொள்வது நல்லது. யாப்பின் மூன்றாம் அத்தியாயம் தமிழில் சில பக்கங்கள்தாம். கா.பொ.த. சாதாரண தரம் முடித்த எந்தப் பிள்ளையும் வாசித்து விளங்கிக்கொள்ளும். வீட்டுக்கு ஒரு பிரதி இருந்தால், அடுத்த முறை தேடி ஓட வேண்டியிருக்காது.