நெடும்பயண மோட்டார் சைக்கிள்கள்: உடற்பொருத்தம், பயண வசதி, கையாளுமை – ஓர் ஒப்பீடு

நெடும்பயண மோட்டார் சைக்கிள் என்பது ஒரே நாளில் சில நூறு கிலோமீட்டர் தூரத்தைச் சுமையுடனும், பல நேரங்களில் பின்னிருக்கையில் ஒருவருடனும் கடப்பதற்கு ஏற்ற இருசக்கர வாகனமாகும். பேச்சு வழக்கில் இது டூரிங் பைக் எனப்படுகிறது. இத்தகைய வண்டிகளை ஒப்பிடும்போது எஞ்சின் திறன், விலை, மைலேஜ் ஆகியவையே பெரும்பாலும் பேசப்படுகின்றன. ஆனால் ஆறு மணி நேரம் ஓட்டிய பிறகு ஓட்டுநர் எந்த நிலையில் இறங்குகிறார் என்பதை வேறு மூன்று கூறுகள் தீர்மானிக்கின்றன. அவை உடற்பொருத்தம், பயண வசதி, கையாளுமை. இம்மூன்று அளவுகோல்களும் ஒரே வண்டியை முதலிடத்தில் வைப்பதில்லை என்பதே ஒப்பீட்டின் அடிப்படை.

ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் பகுதி

காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ள ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் தொழில்வழித்தடம் இந்தியாவின் முதன்மையான வாகன உற்பத்திப் பகுதிகளுள் ஒன்று. கார், லாரி, டயர், உதிரிபாகங்கள் ஆகியவற்றுடன் மோட்டார் சைக்கிள்களும் இங்கு உருவாகின்றன. 1955-இல் சென்னையில் தொடங்கிய ராயல் என்ஃபீல்டின் இந்திய உற்பத்தி நெடுங்காலம் திருவொற்றியூரை மையமாகக் கொண்டிருந்தது. அந்நிறுவனத்தின் ஒரகடம் ஆலை 2013-லும், அருகிலுள்ள வல்லம் வடகால் ஆலை 2017-லும் உற்பத்தியைத் தொடங்கின. யமஹா நிறுவனத்தின் ஆலையும் வல்லம் வடகாலில் உள்ளது. வாகனச் சோதனைக்கென மத்திய அரசுத் திட்டத்தின்கீழ் அமைக்கப்பட்ட உலகளாவிய வாகன ஆராய்ச்சி மையம் ஒரகடத்தில் இயங்குகிறது.

ராயல் என்ஃபீல்டின் வண்டிகள் நெடும்பயண வகைகளை ஒப்பிட வசதியானவை. தாழ்வான க்ரூஸர், நிமிர்ந்து அமரும் ரோட்ஸ்டர், முன்சாய்ந்து அமரும் கஃபே ரேசர், மலைப்பாதைக்கான அட்வென்ச்சர் ஆகிய நான்கு வகைகளும் இந்த ஒரே நிறுவனத்திடம் உள்ளன.

ஒப்பிடப்படும் வண்டிகள்

கீழ்க்காணும் அளவுகள் தோராயமானவை. தயாரிப்பு ஆண்டையும் மாறுபாட்டையும் பொறுத்துச் சிறிது வேறுபடலாம்.

| வண்டி | இருக்கை உயரம் (மி.மீ.) | எடை (கி.கி.) | சக்கர இடைவெளி (மி.மீ.) | பெட்ரோல் தொட்டி (லிட்டர்) |
|---|---|---|---|---|
| மீட்டியார் 350 | 765 | 191 | 1400 | 15 |
| சூப்பர் மீட்டியார் 650 | 740 | 241 | 1500 | 15.7 |
| இன்டர்செப்டர் 650 | 804 | 218 | 1398 | 13.7 |
| ஹிமாலயன் 411 | 800 | 199 | 1465 | 15 |
| ஹிமாலயன் 450 | 825 – 845 | 196 | 1510 | 17 |

உடற்பொருத்தம்

ஓட்டுநரின் உடல் வண்டியை மூன்று இடங்களில் தொடுகிறது: இருக்கை, கைப்பிடி, கால்மிதி. இம்மூன்றையும் இணைக்கும் முக்கோணமே அமரும் முறையைத் தீர்மானிக்கிறது. இருக்கைக்கும் கால்மிதிக்கும் இடையிலுள்ள தூரம் குறைந்தால் முழங்கால் அதிகம் மடங்கும். இருக்கைக்கும் கைப்பிடிக்கும் இடையிலுள்ள தூரம் கூடினால் முதுகு வளையும். கால்மிதி மிகவும் முன்னால் இருந்தால் உடல் எடை முழுவதும் இடுப்பின் கீழ்ப்பகுதியில் இறங்கும்.

இந்திய ஆண்களின் சராசரி உயரம் ஏறத்தாழ 165 செ.மீ. இவ்வுயரமுள்ள ஒருவரின் உள்கால் நீளம் சுமார் 74 – 76 செ.மீ. இருக்கும். காலணியின் அடிப்பாகம் இரண்டு, மூன்று செ.மீ. சேர்க்கும். இவர் 740 மி.மீ. உயர இருக்கையில் அமர்ந்தால் இரு பாதங்களும் தரையில் முழுமையாகப் பதியும். 800 மி.மீ. உயரத்தில் முன்பாதம் மட்டுமே ஊன்றும். 825 மி.மீ. உயரத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஒரு காலை ஊன்ற வேண்டிவரலாம்.

ஆயினும் அட்டவணையில் உள்ள இருக்கை உயரத்தை மட்டும் கொண்டு முடிவெடுப்பது தவறாகும். இதற்குக் காரணங்கள் மூன்று.

முதலாவது, இருக்கையின் அகலம். முன்பகுதி அகலமாக இருந்தால் தொடைகள் விரிந்து, கால் தரையை அடையும் தூரம் கூடும். குறுகிய இருக்கை உயரமாக இருந்தாலும் கால் நேராக இறங்கும்.

இரண்டாவது, சஸ்பென்ஷன் தாழ்வு. இருக்கை உயரம் பொதுவாக ஆள் அமராத நிலையில் அளக்கப்படுகிறது. ஹிமாலயன் 450 வண்டியின் சஸ்பென்ஷன் இரு பக்கமும் 200 மி.மீ. வரை இயங்கக்கூடியது. ஆகவே ஆள் ஏறியதும் இருக்கை சில செ.மீ. தாழ்ந்துவிடும். சூப்பர் மீட்டியாரின் பின்புற சஸ்பென்ஷன் ஏறத்தாழ 100 மி.மீ. மட்டுமே இயங்குவதால் அங்கு இத்தாழ்வு குறைவு.

மூன்றாவது, எடை. சூப்பர் மீட்டியாரில் கால் எளிதாக ஊன்றும். ஆனால் 241 கிலோ எடையுள்ள அவ்வண்டியைச் சரிவான இடத்திலிருந்து பின்னோக்கித் தள்ளி எடுப்பது கடினம். ஹிமாலயன் 450 அதைவிட 45 கிலோ குறைவு. ஆனால் அதில் கால் எட்டாதவர் வண்டி ஒரு கட்டத்துக்கு மேல் சாய்ந்துவிட்டால் தாங்கிப் பிடிக்க முடியாது. ஓட்டப் பழகியவர்கள்கூட நிற்கும்போதோ மெதுவாகத் திரும்பும்போதோ வண்டியைக் கீழே போடுவதற்கு இந்தப் பொருத்தமின்மையே பெரும்பாலும் காரணமாகிறது. சிக்னலில் பக்கத்தில் கன்டெய்னர் லாரி நிற்கும் ஒரகடம் போன்ற சாலைகளில் இது உயிர்ப் பாதுகாப்புக்குரிய செய்தியாகும்.

பயண வசதி

கடையில் வண்டியின்மேல் ஐந்து நிமிடம் அமரும்போது கிடைக்கும் உணர்வு பயண வசதியைக் காட்டாது. மென்மையான இருக்கை தொடக்கத்தில் இதமாக இருக்கும். இரண்டு மணி நேரத்தில் அதன் நுரைப்பஞ்சு அமுங்கி, எடை முழுவதும் இடுப்பு எலும்பில் விழும். சற்றுக் கெட்டியான, அகலமான இருக்கை நீண்ட தூரத்துக்கு ஏற்றது.

அமரும் முறையும் இதனுடன் தொடர்புடையது. மீட்டியார், சூப்பர் மீட்டியார் போன்ற க்ரூஸர் வகைகளில் கால்கள் முன்னோக்கி நீளும். நேரான, சீரான நெடுஞ்சாலையில் இது தளர்வான அமர்வு. ஆனால் பள்ளம் வரும்போது காலை ஊன்றி உடலைச் சற்று உயர்த்த இயலாது. அதிர்ச்சி நேரடியாக முதுகெலும்புக்குச் செல்லும். ஹிமாலயனில் கால்மிதி உடலுக்கு நேர்கீழே இருப்பதால் எழுந்து நின்றே ஓட்டலாம். மழைக்காலத்துக்குப் பிந்தைய பழுதான சாலைகளில் இது முதுகைக் காக்கும்.

அதிர்வும் களைப்புக்கு முதன்மையான காரணம். கைப்பிடியில் தொடர்ந்து வரும் அதிர்வினால் விரல்கள் மரத்துப்போகும். பிரேக், கிளட்ச் ஆகியவற்றைப் பிடிக்கும் உணர்வும் குறையும். 2020-இல் வெளிவந்த மீட்டியார் 350-இன் எஞ்சினில் அதிர்வைச் சமன்செய்யும் பேலன்சர் தண்டு சேர்க்கப்பட்டது. முந்தைய 350 எஞ்சினுடன் ஒப்பிடும்போது இது தெளிவான முன்னேற்றம். 650 வகைகளில் இரண்டு சிலிண்டர்கள் இருப்பதால் நெடுஞ்சாலை வேகத்தில் எஞ்சின் சிரமமின்றி ஓடுகிறது. சுமார் 20 குதிரைத்திறன் கொண்ட மீட்டியார் 350 மணிக்கு 80 – 90 கி.மீ. வேகத்தில் இயல்பாகச் செல்லும். அதற்குமேல் நீண்ட நேரம் ஓட்டுவது வண்டிக்கும் ஓட்டுநருக்கும் அயர்ச்சி தரும்.

காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்கிறது. மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் உள்ளதைப்போல் நான்கு மடங்கு விசை 100 கி.மீ. வேகத்தில் மார்பில் மோதுகிறது. நிமிர்ந்து அமரும் வண்டிகளில் சிறிய காற்றுத்தடுப்புக் கண்ணாடிகூடப் பயன் தரும். தமிழ்நாட்டின் கோடையில் எஞ்சின் வெப்பத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். காற்றினால் குளிரும் எஞ்சின், வண்டி நகராத நெரிசலில் தொடைப்பகுதியில் வெப்பத்தைத் தள்ளும். 2023-இல் வந்த ஹிமாலயன் 450, ராயல் என்ஃபீல்டின் முதல் நீர்மக் குளிர்விப்பு வண்டியாகும்.

பின்னிருக்கையில் அமர்பவரின் வசதியையும் தனியாகப் பார்க்க வேண்டும். உயரமான அட்வென்ச்சர் வண்டியில் முதியவர்களும் புடவை கட்டியவர்களும் ஏறுவது கடினம். ஒருபக்கமாக அமரும் வழக்கமுள்ளவர் இருந்தால் வண்டியின் சமநிலையும் மாறும். தாழ்வான க்ரூஸர் இதில் முந்துகிறது.

கையாளுமை

கையாளுமை என்பது ஓட்டுநர் நினைத்த கோட்டில் வண்டி எவ்வளவு எளிதாகவும் நம்பகமாகவும் செல்கிறது என்பதாகும். சக்கர இடைவெளி, முன்ஃபோர்க்கின் சாய்வு, சக்கர அளவு, எடையின் உயரம் ஆகியவை இதைத் தீர்மானிக்கின்றன. சக்கர இடைவெளி நீண்டும் ஃபோர்க் அதிகம் சாய்ந்தும் இருந்தால் வண்டி நேர்ப்பாதையில் நிலையாக ஓடும், ஆனால் மெதுவாகத் திரும்பும். இவை குறைந்தால் விரைவாகத் திரும்பும்.

இன்டர்செப்டரின் ஃபோர்க் சாய்வு 24 பாகை. இரு சக்கரங்களும் 18 அங்குலம். அடுத்தடுத்து வளைவுகள் வரும் பாதையில் இது இலகுவாகத் திரும்பும். சூப்பர் மீட்டியாரின் ஃபோர்க் இதைவிட அதிகம் சாய்ந்தது, சக்கர இடைவெளியும் 10 செ.மீ. கூடுதல். சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் இது தண்டவாளத்தில் செல்வதுபோல் நிலையாக ஓடும். கொல்லிமலையின் 70 கொண்டையூசி வளைவுகளில் அதே நீளமும் எடையும் சுமையாகிவிடும். அதன் தரை இடைவெளி 135 மி.மீ. மட்டுமே. எனவே வளைவில் அதிகம் சாய்த்தால் கால்மிதி தரையில் உரசும். இருவர் அமர்ந்து உயரமான வேகத்தடையைக் கடக்கும்போது அடிப்பாகம் இடிக்கவும் கூடும்.

ஹிமாலயனின் முன்சக்கரம் 21 அங்குலம். பெரிய சக்கரம் குழியில் விழாமல் உருண்டு கடக்கும். ஹிமாலயன் 450-இன் தரை இடைவெளியும் 230 மி.மீ. ஆகும். ஆனால் நீண்ட சஸ்பென்ஷன் காரணமாகத் திடீரென பிரேக் பிடித்தால் முன்பகுதி அதிகம் தாழும். இதற்குப் பழக வேண்டும்.

ஒரே சட்டகம், இருவேறு அனுபவம்

2018-இல் அறிமுகமான இன்டர்செப்டர் 650, கான்டினென்டல் ஜிடி 650 ஆகிய இரண்டும் பிரிட்டனின் ஹாரிஸ் பெர்ஃபாமன்ஸ் பங்களிப்புடன் உருவான சட்டகத்தையும் ஒரே எஞ்சினையும் கொண்டவை. வேறுபாடு பெரும்பாலும் அமரும் முறையிலேயே உள்ளது. இன்டர்செப்டரில் கைப்பிடி உயரமாகவும் அகலமாகவும் இருக்கிறது. ஜிடி வகையில் கைப்பிடி தாழ்ந்தும் கால்மிதி பின்தள்ளியும் உள்ளன. இதனால் ஜிடியில் உடல் எடையின் ஒரு பகுதி மணிக்கட்டுகளுக்கு மாறுகிறது. வளைவுகளில் முன்சக்கரத்தின் பிடிமானத்தை ஓட்டுநர் நன்கு உணர முடிகிறது. ஆனால் நகர நெரிசலில் மணிக்கட்டும் கழுத்தும் விரைவில் வலிக்கும். எஞ்சினும் சட்டகமும் மாறாமலேயே நெடும்பயணத் தகுதி மாறிவிடுகிறது என்பதற்கு இந்த இணை நல்ல எடுத்துக்காட்டு.

மாற்றியமைக்கக்கூடியவை

பொருத்தக் குறைகள் சிலவற்றைச் சரிசெய்ய முடியும். தாழ்வான இருக்கை பொருத்துதல், கைப்பிடியை உயர்த்தும் துண்டுகள், பிரேக் – கிளட்ச் நெம்புகோல்களின் கோணத்தை மாற்றுதல் ஆகியவை எளியவை. பின்னிருக்கையில் ஆளோ சுமையோ ஏறும்போது ஷாக் அப்சார்பரின் ஸ்பிரிங் இறுக்கத்தைக் கூட்ட வேண்டும். இல்லையெனில் பின்பகுதி தாழ்ந்து, முன்சக்கரத்தின் பிடிமானம் குறையும். எடை மிகுந்த பொருட்களைத் தாழ்வாகவும் வண்டியின் நடுப்பகுதிக்கு அருகிலும் கட்டுவது கையாளுமையைக் காக்கும். வண்டியின் மொத்த எடை, சக்கர இடைவெளி ஆகியவற்றை மாற்ற இயலாது. ஆகவே வாங்கும்முன் இவற்றையே முதலில் பார்க்க வேண்டும்.

ஓட்டிப் பார்க்கும் முறை

சோதனை ஓட்டத்தின்போது பயணத்தில் அணியும் காலணியையே அணிவது நல்லது. வண்டியில் அமர்ந்து இரு கால்களாலும் பின்னோக்கி நகர்த்திப் பார்க்க வேண்டும். எஞ்சினை இயக்காமல் கையால் தள்ளித் திருப்பிப் பார்ப்பதும் பயன் தரும். வழக்கமாகப் பின்னால் அமர்பவரையும் ஏற்றிக்கொண்டு, வேகத்தடை, பழுதான சாலை, மெதுவான யூ-வளைவு ஆகிய மூன்றையும் கடந்து பார்த்தால் பெரும்பாலான குறைகள் தெரிந்துவிடும். குறைந்தது அரை மணி நேரம் ஓட்டிய பிறகு மணிக்கட்டு, கழுத்து, இடுப்பு, முழங்கால் ஆகியவற்றில் எங்கு இறுக்கம் தோன்றுகிறது என்று கவனிக்க வேண்டும். அரை மணி நேரத்தில் தோன்றும் இறுக்கம் நான்கு மணி நேரத்தில் வலியாகும்.

தொகுப்பு

நான்குவழிச் சாலையில் துணையுடன் பயணம் செய்யும் உயரம் குறைந்தவருக்குத் தாழ்வான க்ரூஸர் பொருந்தும். அதன் எடையைச் சமாளிக்க இயலாதவருக்கு மீட்டியார் 350 ஏற்றது. வளைவுகள் நிறைந்த நல்ல மலைச்சாலைக்கு இன்டர்செப்டரும், சாலை எப்படி இருக்கும் என்று தெரியாத பயணத்துக்கு ஹிமாலயனும் பொருத்தமானவை. செல்லும் சாலை, ஓட்டுபவரின் உடலளவு, உடன் வருபவர் ஆகிய மூன்றையும் முதலில் முடிவுசெய்துகொண்டு, அதன் பிறகு எஞ்சின் திறனையும் விலையையும் ஒப்பிடுவதே சரியான வரிசை.