அம்மா அப்பா லண்டன் வருகிறார்களா? பெட்டி கட்டுமுன் சில கேள்விகள்

விசா கிடைத்துவிட்டது என்ற செய்தி வந்ததும் எமது வீடுகளில் தொடங்கும் ஆரவாரம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். மிளகாய்த்தூள் எத்தனை கிலோ, ஒடியல் மா, பனங்கட்டி, பேரப்பிள்ளைக்குச் சட்டை என்று தொலைபேசியில் பட்டியல் நீளும். குளிசைகளைப் பற்றிய கேள்வி கடைசியில்தான் வரும். "எல்லாம் இருக்கு, நீ யோசிக்காதை" என்ற பதிலோடு அது முடிந்தும் விடும்.

சில காலத்துக்கு முன் யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த ஒரு ஐயாவை அவரது மகள் என்னிடம் அழைத்து வந்தார். (அடையாளம் தெரியாதிருக்கச் சில விபரங்களை மாற்றியுள்ளேன்.) தலையிடி, தலைச்சுற்று. இரத்த அழுத்தம் மிக அதிகமாக இருந்தது. "குளிசை எடுக்கிறீங்களா ஐயா?" என்று கேட்டேன். "ஓம்" என்றார். எப்படி எடுக்கிறார் என்று கேட்டபோதுதான் உண்மை வந்தது. கிளினிக்கில் கொடுத்தது இரண்டு மாதத்துக்கு. தங்கப்போவது ஆறு மாதம். ஆகவே மூன்று நாளைக்கு ஒன்று என்று பங்கிட்டு எடுத்துக்கொண்டிருந்தார். மகளுக்கு ஏன் செலவு வைப்பான் என்பது அவரது எண்ணம். பக்கத்தில் இருந்த மகளுக்கு அன்றுதான் அது தெரியும். நல்ல காலம், பாரிசவாதம் வருமுன் பிடித்துவிட்டோம்.

எமது பெற்றோர் வருத்தத்தை மறைப்பது பொய் சொல்வதற்காக அல்ல. சொன்னால் பயணம் நின்றுவிடும், பிள்ளை கவலைப்படும் என்ற பயம். ஆகவே பயண ஆயத்தம் பெட்டியில் தொடங்குவதில்லை. நீங்கள் தொலைபேசியில் கேட்கும் கேள்வியில்தான் தொடங்குகிறது.

எப்படிக் கேட்பது?

"சுகமா?" என்று கேட்டால் "சுகம்" என்றுதான் பதில் வரும். டிக்கெட் எடுக்குமுன் இப்படிக் கேட்டுப் பாருங்கள்:

• கோயிலுக்கு நடந்து போகும்போது இடையில் நிற்க வேண்டியிருக்கிறதா? மூச்சு வாங்குகிறதா?
• இரவில் எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறீர்கள்? (தலையணை கூடிக்கொண்டு போவது இருதயம் பலவீனமடைவதன் அறிகுறியாக இருக்கலாம்.)
• பின்னேரத்தில் கால் வீங்குகிறதா? பாதம் விறைக்கிறதா?
• கடைசியாக எப்போது ஆஸ்பத்திரியில் படுத்தீர்கள்?

அண்மையில் மாரடைப்பு, பாரிசவாதம், சத்திரசிகிச்சை ஏதாவது நடந்திருந்தால், விமானத்தில் ஏறலாமா என்பதை அங்குள்ள வைத்தியர்தான் தீர்மானிக்க வேண்டும். பயணத்துக்கு ஆறு வாரங்களுக்கு முன்னராவது அவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

குளிசைகளும் கிளினிக் கொப்பியும்

குளிசைகள் பெயரில்லாத கடதாசிப் பைகளில் வந்தால், அவை என்னவென்று இங்கு எந்த வைத்தியராலும் நிச்சயமாகச் சொல்ல முடியாது. மருந்தின் இரசாயனப் பெயர், மில்லிகிராம் அளவு, எத்தனை வேளை என்பவற்றை அங்குள்ள வைத்தியரிடம் ஆங்கிலக் கடிதமாக வாங்கச் சொல்லுங்கள். கிளினிக் கொப்பியும் அண்மைய இரத்தப் பரிசோதனை, இ.சி.ஜி. பிரதிகளும் கட்டாயம் வரவேண்டும். எல்லாவற்றையும் படமெடுத்து உங்களுக்கும் அனுப்பச் சொல்லுங்கள்.

தங்கும் காலம் முழுவதற்கும், அதற்கு மேல் இரண்டு வாரத்துக்கும் மருந்து கொண்டுவர வேண்டும். கிளினிக் தருவது போதாவிட்டால் மிகுதியை பாமசியில் வாங்க முன்கூட்டியே காசு அனுப்புங்கள். இலங்கை வைத்தியரின் மருந்துச் சீட்டுக்கு இங்குள்ள பாமசிகள் மருந்து கொடுக்க முடியாது. சில நித்திரைக் குளிசைகளும் கடும் நோவுக்கான மருந்துகளும் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. இவற்றுக்கு வைத்தியரின் கடிதம் வேண்டும். மூன்று மாதத்துக்கு மேற்பட்ட அளவென்றால் முன் அனுமதியும் தேவை.

நீரிழிவுக்காரருக்கு ஒரு முக்கிய விடயம். இலங்கையில் இரத்தச் சீனியை மில்லிகிராம் கணக்கில் சொல்வார்கள், இங்கு மில்லிமோல் கணக்கில். ஊர்க் கணக்கை 18ஆல் வகுத்தால் இங்குள்ள கணக்கு வரும். ஊரில் 180 என்பது இங்கு 10. இங்குள்ள கருவியில் 10 என்று கண்டு, "சீனி நல்லாக் குறைஞ்சிட்டுது" என்று மருந்தை நிறுத்த நினைத்த ஒரு அம்மாவை நான் பார்த்திருக்கிறேன்.

காப்புறுதியை மறக்க வேண்டாம்

இங்கிலாந்தில் பார்வையாளராக வருபவரும் ஜீ.பி.யிடம் இலவசமாகப் பதிந்து காட்டலாம். அவசர சிகிச்சைப் பிரிவில் பார்ப்பதற்கும் கட்டணமில்லை. ஆனால் அங்கிருந்து வார்டில் அனுமதித்தால் அந்த நேரத்திலிருந்து கட்டணம் தொடங்கும். அது சாதாரண செலவின் 150 வீதம். 500 பவுணோ அதற்கு மேலோ செலுத்தாமல் விட்டால் அடுத்த விசா மறுக்கப்படலாம்.

ஆகவே பயணக் காப்புறுதி அவசியம். அதில் பிரஷர், சீனி, இருதய வருத்தம் எல்லாவற்றையும் சொல்லியே எடுக்க வேண்டும். பணம் குறையும் என்று மறைத்தால், தேவைப்படும் நாளில் காப்புறுதி நிறுவனம் பணம் தர மறுக்கலாம். பெற்றோர் உங்களிடம் மறைத்தது இங்கும் வந்து நிற்கும்.

விமானத்தில்

• மருந்துகளும் கடிதமும் கைப்பையில். இன்சுலினைப் பெரிய பெட்டியில் போடக்கூடாது, அங்கே உறைந்துவிடக்கூடும். உறைந்த இன்சுலின் உதவாது.
• மேற்கு நோக்கி வரும்போது நாள் நீளும். லண்டன் நேரம் இலங்கையைவிடக் கோடையில் நாலரை மணித்தியாலமும் குளிர்காலத்தில் ஐந்தரை மணித்தியாலமும் பிந்தியது. அந்த நாளில் இன்சுலின் எப்போது, எவ்வளவு என்பதை வைத்தியரிடம் எழுதி வாங்குங்கள். வந்து சேரும்வரை கைக்கடிகாரத்தை ஊர் நேரத்திலேயே வைத்திருக்கட்டும்.
• மணிக்கொருமுறை எழுந்து நடக்க வேண்டும். இருக்கும்போது குதிக்காலை உயர்த்தித் தாழ்த்த வேண்டும். கால் நரம்பில் இரத்தம் உறையாதிருக்க இது உதவும்.
• சக்கர நாற்காலி உதவியை 48 மணித்தியாலத்துக்கு முன்னரே விமான நிறுவனத்திடம் பதியுங்கள். "நான் என்ன நோயாளியோ?" என்று அப்பா கோபிப்பார். டோகாவிலோ துபாயிலோ விமானம் மாறும்போது, ஆங்கிலம் தெரியாதவரைக் கையோடு கூட்டிப்போக ஒருவர் கிடைப்பார் என்று விளக்குங்கள். இதற்குக் கட்டணமில்லை.

வந்த முதல் வாரம்

ஊர் வீடுகளில் பலவற்றில் படியே இல்லை. இங்கு படுக்கை மேலே, குசினி கீழே. காலுறையோடு கம்பளம் விரித்த படியில் இரவில் இறங்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்தால் வந்த பயணமே ஆஸ்பத்திரியில் கழியும். படியிலும் கழிவறைப் பாதையிலும் சிறு விளக்கு எரியட்டும். வழுக்காத செருப்பு வாங்கிக் கொடுங்கள்.

குளிருக்கு ஹீற்றரில் காலை வைப்பதும், சுடுநீர்ப் போத்தலைக் காலடியில் வைத்துப் படுப்பதும் நீரிழிவுக்காரருக்கு ஆபத்து. விறைத்த பாதத்துக்குச் சூடு தெரியாது. காலையில் கொப்பளம் கண்ட பின்னர்தான் தெரியும். ஒவ்வொரு இரவும் பாதத்தைப் பாருங்கள். பேரப்பிள்ளைகளிடம் அந்த வேலையைக் கொடுத்தால் சந்தோஷமாகச் செய்வார்கள்.

நீங்கள் வேலைக்குப் போனபின் அவர்கள் தனியே இருப்பார்கள். தொலைபேசிக்குப் பக்கத்தில் 999 என்ற இலக்கத்தையும், வீட்டு விலாசத்தையும், தபால் குறியீட்டையும் பெரிய எழுத்தில் ஒட்டுங்கள். "தமிழ்" என்ற ஒரு சொல்லைச் சொன்னால் மொழிபெயர்ப்பாளரைத் தேடி இணைப்பார்கள். அவசரமில்லாத ஆலோசனைக்கு 111. ஜீ.பி. பதிவை வருத்தம் வரும்வரை தள்ளிப்போட வேண்டாம்.

நானும் இதில் தவறியவன்தான். 1990இல் ஊரைவிட்டு வெளிக்கிட்ட நான், 13 வருடங்களின் பின் 2003இல்தான் எனது அம்மாவை விமான நிலையத்தில் மீண்டும் கண்டேன். அப்போதுதான் வைத்தியராக வேலை தொடங்கியிருந்தேன். வாரம் தவறாமல் தொலைபேசியில் கதைத்தும், மூச்சைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை. கட்டிப்பிடித்தபின் குனிந்து பார்த்தேன். இரண்டு காலும் வீங்கியிருந்தன. அவர் வந்த முதல் வாரம் ஆஸ்பத்திரியில் போனது. "சொன்னால் வரவேண்டாம் எண்டுவாய்" என்றார்.

ஆகவே அடுத்தமுறை கதைக்கும்போது முதலில் இதைச் சொல்லுங்கள்: "அம்மா, என்ன வருத்தம் இருந்தாலும் நீங்கள் வாறதை நான் நிப்பாட்டமாட்டன். உண்மையைச் சொல்லுங்கோ, அதுக்கேற்ற மாதிரி ஆயத்தம் செய்வம்." மிளகாய்த்தூள் கணக்கை அதற்குப் பிறகு பார்க்கலாம்.

(இவை பொதுவான ஆலோசனைகள். தனிப்பட்ட வருத்தங்களுக்கு உங்கள் வைத்தியரை அணுகவும்.)